மாமா செத்துக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

என் மாமா இரண்டு முறை செத்தார். இரண்டாவது சாவு கொழும்பில், வயதாகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில், எல்லாரும் சாகிற மாதிரி. வானொலி நாடகங்களை இயக்கியவர் என்று பேப்பரில் படம் போட்டு நாலு வரி எழுதினார்கள். முதல் சாவு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், எங்கள் காம்பராவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அதைப் பற்றி எந்தப் பேப்பரும் எழுதவில்லை. அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. தவிர, அந்தச் சாவில் எனக்கும் ஒரு வேஷம் இருந்தது.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மூன்று கட்டை தூரம் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பாள். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவர்கள் எல்லாம் தாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று காட்டுவதற்குப் படிவமும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. மாமா எப்போது வருவார், வரும்போது என்ன கொண்டு வருவார் என்பதுதான் என் கவலை.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பதினேழு வயதில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனவர். முதலில் ஒரு புடவைக் கடையில் நின்றார். பிறகு வானொலி நிலையத்தில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் நாடகத்துக்கு மழைச் சத்தம் போடுகிறவருக்குக் காய்ச்சல். தட்டோடு நின்றிருந்த மாமா, ஒரு சுளகில் பயறைக் கொட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாராம். நாடகம் கேட்ட வீடுகளில் எல்லாம் கொடியில் காய்ந்த துணியை ஓடிப்போய் எடுத்தார்கள் என்று மாமா சொல்லுவார். மாமா சொல்லுவதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். கழித்தாலும் மிச்சம் இருக்கும். அன்றோடு அவர் தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மழை, இடி, கதவு, குதிரை எல்லாம் அவர் பொறுப்பாயிற்று. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை வைத்துக்கொண்டு இது ராஜாவின் குதிரை, இது தூதுவனின் குதிரை என்று வித்தியாசம் காட்டுவார்.

“சத்தம் போடுறதுக்கு ஒரு உத்தியோகமா? நம்ம லயத்துல காலையில இருந்து எல்லாரும் சத்தந்தான் போடுறாங்க. ஒருத்தரையும் கொழும்புக்குக் கூப்பிடலையே” என்பாள் அம்மா. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மற்றவர்களிடம் சொல்லும்போது “எந்தம்பி ரேடியோவுல” என்று கொஞ்சம் உரக்கத்தான் சொல்லுவாள்.

அந்தச் சிரட்டையால்தான் வினை வந்தது. நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வருஷம் முன்னால் தாத்தா, அதாவது அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்பா, ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். கொழும்புக்குத் தந்தி போனது. அந்தக் காலத்தில் நாடகம் எல்லாம் நேரடியாகத்தான் போகும். அன்று சாயங்காலம் ராஜா கதை. ராஜாவோ முழுநேரமும் குதிரையைவிட்டு இறங்காதவர். மாமாவை விட்டால் குதிரை ஓட்ட ஆள் இல்லை. அவர் குதிரையை ஓட்டி முடித்து, மறுநாள் ரயிலேறி வந்து சேர்ந்தபோது தாத்தாவைப் புதைத்துவிட்டு எல்லாரும் குளித்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அம்மா மாமாவிடம் முகத்துக்கு நேரே பேசவில்லை. சண்டை என்றெல்லாம் சொல்ல முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாமா வருவார். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். இலையில் ஈரலை அவருக்குத்தான் போடுவாள். பேச்சு மட்டும் என் வழியாகப் போகும்.

“உன் மாமனுக்குச் சோறு போதுமான்னு கேளுடி.”

மாமா ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். “போதும்னு சொல்லு உங்கம்மாகிட்ட.”

“போதுமாம்” என்பேன். அம்மா இன்னும் ஒரு கரண்டி போடுவாள்.

எனக்கு இந்த உத்தியோகம் பிடித்திருந்தது. செய்திகளில் எனக்கு வேண்டியதையும் நடுவில் சேர்த்து அனுப்பலாம். “புள்ளைக்குப் புது கவுன் தைக்கணும்னு மாமா சொல்றாரு” என்று ஒருமுறை சொல்லிப் புது கவுனே வாங்கியிருக்கிறேன். ஆனால் இல்லாத ஒரு குதிரைக்காக இரண்டு பெரிய மனிதர்கள் இப்படி முறைத்துக்கொண்டு இருப்பார்களா என்று உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மாமா தீபாவளியும் இல்லாமல் பொங்கலும் இல்லாமல் வந்து நின்றார். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். கூடவே ஒரு கனத்த பெட்டி. ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் மாற்றி மாற்றித் தூக்கி வந்திருந்தார்கள். பேசினால் நாடாவில் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பச் சொல்லும் பெட்டி, பேட்டரியில் ஓடும், வானொலி நிலையத்தில் மன்றாடி வாங்கி வந்தேன், திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். என்னை அதன் முன்னால் நிறுத்தி ஆத்திசூடி சொல்ல வைத்துத் திரும்பப் போட்டுக் காட்டினார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு மூக்கடைத்த பிள்ளை ஆத்திசூடி சொன்னது. அது நான் இல்லை என்று சத்தியம் செய்தேன்.

விஷயம் இதுதான். மாமாவுக்கு முதல்முதலாக ஒரு நாடகத்தை இயக்கக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்துக் கதை. தம்பி செத்துப்போக, அக்கா அழும் கட்டந்தான் அதில் உயிர்.

“கொழும்புல நடிக்கிற பொம்பளைங்க அழுறாங்க மச்சான், மூக்குச் சிந்துற கைலேஞ்சிய எங்கியோ தொலைச்சுட்டுத் தேடுற மாதிரி” என்று அப்பாவிடம் சொன்னார். ஒத்திகை பார்த்த மேலதிகாரி, புதன்கிழமைக்குள் சாவு வீடு சாவு வீடாகக் கேட்கவில்லை என்றால் நாடகத்தை வேறு ஆள் இயக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

மாமாவுக்கு அம்மாவின் ஒப்பாரி வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்து டிவிஷன்களில் சாவு விழுந்தாலும் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். “ஒங்கம்மா ஒப்பாரி வச்சா பொணமே எந்திரிச்சு, நான் செஞ்சது தப்புதான்னு ஒத்துக்கும்” என்று பக்கத்துக் காம்பராப் பெரியம்மா சொல்லுவாள்.

அம்மா கேட்டதும் கொதித்துப் போனாள். “பொணம் இல்லாம ஒப்பாரியா? வீடு வெளங்குமா? கொழும்புக்குப் போயி புத்தி கெட்டுப் போச்சான்னு கேளுடி உன் மாமன்கிட்ட!”

மாமா சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துச் சொன்னார். “உங்கம்மாகிட்ட சொல்லு. திரும்பச் சிரட்டை தட்டுறது எனக்குப் பெருசு இல்ல. ஆனா நம்ம சனம் எப்படிப் பேசும், எப்படிச் சிரிக்கும், எப்படி அழும்னு தெரிஞ்ச ஆளு அங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன். இத வுட்டுட்டா, நம்ம கதைய நம்ம கையில இன்னொரு தடவ குடுக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் வந்து கேக்குறேன்னு சொல்லு.”

இவ்வளவு நீளமான செய்தியை நான் அதுவரை கொண்டு போனதே இல்லை. அடுப்படிக்கு நாலு எட்டு வைப்பதற்குள் முக்கால்வாசி மறந்துவிட்டது. “மாமாவுக்கு வேல போயிடுமாம்” என்று சுருக்கிச் சொன்னேன். அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். பிறகு சம்மதித்தாள். ஒரு நிபந்தனை. லயத்தில் ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைத்தாள் என்று தெரிந்தால் நாளைக்கு ஒருத்தியும் பக்கத்தில் நின்று கொழுந்து எடுக்க மாட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாதி லயம் டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தது. அப்பா கதவைச் சாத்தி, அதன்மேல் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டார். சன்னலுக்கு இன்னொரு கம்பளி. மாமா கூரை வளையில் கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிட்டார். பெட்டியின் பித்தானை அமுக்க அப்பா. அவர் அதை அமுக்கப் பயந்துகொண்டு வெறும் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அம்மா உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை.

“என்னா பாக்குறது? செவுத்தப் பாத்து எப்படி அழுவுறது?” என்றாள்.

தலையணையைப் பாயில் நீட்டிப்போட்டு மேலே துணி போர்த்தினார்கள். அம்மா அதைப் பார்த்துத் தொடங்கினாள். பத்து வினாடியில் அது தாலாட்டு ஆகிவிட்டது. அவளே நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா உதவி செய்ய நினைத்தார், பாவம்.

“வேணும்னா நான் படுக்கட்டா?”

“தாலி கட்டுன மனுசன் பேசுற பேச்சா இது!” அம்மா எழுந்து நின்றுவிட்டாள். கையில் அகப்பட்ட கரண்டி அப்பாவின் தோளில் பட்டுத் தெறித்தது. மஞ்சளைத் தொட்டுத் தாலியில் வைத்துக்கொண்டு, பிள்ளையாரைக் கும்பிட்டு, அப்பாவையும் ஒருமுறை கும்பிட வைத்து, எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆயிற்று.

மாமா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “சரி. நானே சாவுறேன்” என்றார்.

தெற்கே தலைவைத்துப் படுத்தார். அப்பா துண்டால் தாடையைக் கட்டினார். கால் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். வெள்ளை வேட்டியை நெஞ்சுவரை போர்த்தினார். எனக்கும் வேஷம் கிடைத்தது. செத்தவரின் மருமகள். அம்மா மூச்சு வாங்கும் இடங்களில் “மாமா, எந்திரிங்க மாமா” என்று அழ வேண்டும். கட்டிய தாடையோடு மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். “கத்தக்கூடாது. அழுகைய உள்ள அடக்கணும். அடக்குனாத்தான் வெளிய கேக்கும்.”

“மாப்புள, பொணம் பேசக்கூடாது” என்றார் அப்பா. அன்று அவர் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்து முடியை முன்னால் போட்டுக்கொண்டு, அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து தொடங்கினாள்.

“எனக்குப் பின்ன பொறந்தவனே, என் இடுப்ப வுட்டு எறங்காதவனே,
கொழுந்துக் கூடையில ஒன்ன வச்சு மலை மலையாச் சொமந்தேனே…”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மா மாமாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அப்போது அது தோன்றவில்லை. எனக்கு என் வேஷம் பெரிதாக இருந்தது. இரண்டு இடத்தில் “எந்திரிங்க மாமா” போட்டேன். நன்றாகவே வந்தது. அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. மாமா சின்னப் பிள்ளையில் மண் தின்றது, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தேயிலைத் தூருக்குள் ஒளிந்தது எல்லாம் ராகத்தோடு வந்தன. அப்புறந்தான் அது வந்தது.

“அப்பன் பாடை போகையில அழுது வர மகன் இல்ல,
இல்லாத குதிரைய நீ எங்க ஓட்டிப் போனியப்பா?
மண்ணு தள்ள மகன் இல்லாம மருமகன் கை தள்ளுச்சே,
சிரட்டை ரெண்ட வுட்டுப்புட்டு சீக்கிரமா வரலியே…”

ஐயோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது! ஒப்பாரியில் போய்ச் சிரட்டையா? கவுன் நுனியை வாயில் அடைத்துக் கடித்தேன். அடக்க அடக்க உடம்பு குலுங்கியது. விக்கல் விக்கலாக வெளியே வந்தது. மாமாவும் சிரிக்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். மூடிய கண்ணிரண்டிலிருந்தும் தண்ணீர் காதுப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமாக வந்தது. ஊருக்கெல்லாம் நடிப்புச் சொல்லிக்கொடுக்கிற ஆள், ஒரு பிணமாகப் படுக்கத் தெரியவில்லையே! அப்பா பார்ப்பதற்குள் என் கவுனாலேயே துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்க வந்தது.

இந்த இடத்தில் எங்கள் லயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே பத்துக் காம்பரா. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரைவரை போகாது. மேலே திறந்துதான் கிடக்கும். முதல் காம்பராவில் ஒருவர் தும்மினால் கடைசிக் காம்பராவில் வாழ்த்துவார்கள். கதவையும் சன்னலையும் கம்பளியால் அடைத்த மாமா, கொழும்பில் சத்தத்துக்கே அதிகாரியாக இருந்த மாமா, அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்த மாமா, அண்ணாந்து மேலே பார்க்க மறந்துவிட்டார்.

பெரியம்மா அன்று பல்வலியில் டவுனுக்குப் போகவில்லை. ஒப்பாரி கேட்டதும் யார் என்ன என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லா விவரமும் ஒப்பாரியிலேயே இருந்ததே! “ஐயோ, கொழும்புத் தம்பி போயிட்டானே!” என்று அவள் போட்ட சத்தத்தில் மற்றச் சுவர்களும் தேவையில்லாமல் போயின.

எங்கள் தோட்டத்தில் எந்த வேலையும் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா நாலு தரம் கத்தாமல் நடக்காது. சாவு வேலை மட்டும் யாரும் சொல்லாமலே நடக்கும். கதவு திறந்தது. கம்பளி பறந்தது. ஏழெட்டுப் பெண்கள் உள்ளே விழுந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தர் பந்தலுக்குக் கம்பு தேடப் போனார். இரண்டு பேர் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு குழி வெட்டப் போனார்கள். வாசலில் தப்பு முழங்கத் தொடங்கியது. அப்பா ஒவ்வொருவரையும் பிடித்து “இல்ல, இல்ல, கொஞ்சம் கேளுங்க” என்றார். “மனசத் தேத்திக்கப்பா, நமக்கும் ஒருநாள் இதுதான்” என்று அவரையே கட்டிப்பிடித்துத் தேற்றினார்கள்.

அம்மாவால் நிறுத்த முடியவில்லை. எழுவர் கழுத்தில் தொங்கும்போது யார்தான் நிறுத்த முடியும்? மாமா ஏன் எழுந்திருக்கவில்லை என்றுதான் எல்லாரும் பிறகு கேட்டார்கள். அவர் ஒளிக்காமல் சொன்னார். “நாடா ஓடிக்கிட்டு இருந்துச்சே! கொழும்புல நூறு பேர வச்சு அழுதாலும் இப்படி வருமா?” நாடா தீரும்வரை அவர் செத்துக்கிடந்தார். அவர் வேலை அது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

நாடா தீர்ந்தது. வால் நுனி டக் டக்கென்று அடித்துக்கொண்டு சுற்றியது. மாமா தாடைக் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, “போதும், போதும்! நல்லா வந்திருக்கு!” என்றார்.

அதன் பிறகு நடந்ததை முழுதாகச் சொல்ல முடியாது. நான் பாதியைத்தான் பார்த்தேன். என் மேல் இரண்டு பேர் விழுந்து கிடந்தார்கள். வாசலுக்குள் ஒரே நேரத்தில் ஐந்து பேர் புகுந்து மாட்டிக்கொண்டார்கள். பெரியம்மாவின் பல்வலி அந்த நிமிஷத்தோடு போயிற்று. அதற்குப் பிறகு சாகும்வரை வரவே இல்லை என்று சொல்லுவாள். வெளியே நின்ற தப்புக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியாது. அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. ஆளாளுக்கு ஏசினார்கள். தோட்டத்துத் தலைவர் வந்தார். எந்தச் சண்டையையும் அவர்தான் தீர்த்துவைப்பார். மாமாவும் அப்பாவும் கைகட்டி நின்றார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏசியதை நான் பார்த்தேன். ஒருவழியாக எல்லாரும் அடங்கி, மாமாவுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்த நேரத்தில், மம்பட்டியோடு போன இரண்டு பேரும் மண்ணும் வேர்வையுமாக வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லி அனுப்ப ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

“குழி ரெடி. எப்பத் தூக்குறது?” என்று மாமாவிடமே கேட்டார்கள். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று பார்த்தார்கள்.

இப்போது புது வில்லங்கம். வெட்டிய குழியை வெறுமனே மூடக்கூடாது. மூடினால் அது ஆள் தேடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தலைவர் யோசித்து ஒரு வாழைத்தண்டை வெட்டிவரச் சொன்னார். வாழைத்தண்டு என்றால் அது மாமா என்று குழிக்கு எப்படித் தெரியும்? அவர் உடுத்தியது ஏதாவது வேண்டும். எல்லாருடைய கண்ணும் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டுக்குப் போயிற்று.

“வேட்டி இருக்கு, சட்டை இருக்கு…” என்று மாமா கெஞ்சினார்.

“அதெல்லாம் எல்லாரும் கட்டுறது. கோட்டுத்தான் நீ” என்றார் தலைவர்.

கோட்டுப் போட்ட வாழைத்தண்டு பாடையில் போயிற்று. முன்னால் தப்பு. அதற்கும் முன்னால் மாமா, பெட்டியில் புது நாடா போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். அப்பா பெட்டியைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கினார். “அண்ணே, அந்த அடிய இன்னொருக்கா அடிங்க, காத்துல அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு” என்று தப்புக்காரரிடம் கேட்டு, தன் சாவு ஊர்வலத்தைத் தானே இரண்டு தடவை நடத்தினார். முதல் பிடி மண்ணையும் அவர்தான் போட்டார். போடும்போது முகம் என்னவோ போல் இருந்தது. போன கோட்டை நினைத்து வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்ததும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். “தீட்டு. பீலியில போயி குளிச்சிட்டு உள்ள வரச் சொல்லுடி உன் மாமனை.”

மாமா முகம் விழுந்துபோயிற்று. மலையிலிருந்து விழும் எங்கள் பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் முகம் விழுந்திருக்கும். அன்று சாயங்கால ரயிலில் அவர் பெட்டியோடு போய்விட்டார்.

நாடகம் வந்த சாயங்காலம் லயமே கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் கூடியது. ரேடியோ அங்கே மட்டுந்தான் இருந்தது. கதையை ஒருவரும் கேட்கவில்லை. அழுகைக் கட்டம் வந்ததும் “அது நானு!”, “இல்ல, அது என் கொரலு!”, “உன் கொரலு அவ்வளவு நல்லாவா இருக்கு?” என்று அடித்துக்கொண்டார்கள். தப்புக்காரர் தன் அடி வந்தபோது எழுந்து நின்றார். நடுவில் ஒரு சின்னப் பிள்ளை விக்கி விக்கி அழுதது. கணக்கப்பிள்ளையின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், இந்தப் புள்ள என்னமா அழுதிருக்கு பாரு!” என்று என் தலையைத் தடவினார். அது என் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடையும் மலையும் வந்தன. மண் தின்றது வந்தது. குதிரை வரவில்லை. அம்மா பாடியதில் எல்லாருக்கும் ரோமம் சிலிர்த்த இடம் அதுதானே!

“குதிரையக் காணோம்! குதிரைய வுட்டுட்டாங்க!” என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். நாடகம் முடிந்த பிறகும் கையை எடுக்க மறந்துவிட்டாள்.

சாவு வீடு சாவு வீடாகவே கேட்டது என்று மேலதிகாரி சொன்னாராம். அடுத்த நாடகமும் மாமாவுக்கே என்று கடிதம் வந்தது. அப்பா அதை லயம் முழுக்க வாசித்துக் காட்டினார். எனக்கு மட்டும் மாமா நல்ல இயக்குநர்தானா என்று சந்தேகமாகவே இருந்தது. நல்ல இடத்தை விட்டுவிட்டாரே!

தீபாவளிக்கு மாமா வந்தார். கோட்டு இல்லை. நேராக என்னிடம் வந்து ஒரு நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்தார். “உங்கம்மாகிட்ட குடு.”

போகிற வழியில் திறந்து பார்த்தேன். உள்ளே பளபளவென்று ஒரு பழுப்பு நாடா, சுருட்டி வைத்திருந்தது. இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. என் உயரத்துக்கு மூன்று மடங்கு இருக்கும். ரிப்பன்! இரண்டு சடைக்கும் கட்டி மிச்சமும் வரும். அம்மாவிடம் காட்டிவிட்டு உடனே கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அடுப்படிக்குப் போனேன்.

“மாமா குடுத்தாரு.”

அம்மா நாடாவைக் கையில் வாங்கினாள். அது என்ன என்று கேட்கவில்லை. எப்படியோ தெரிந்திருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தாள். மாமா இஸ்தோப்புத் திண்ணையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏண்டா, இத ஒங்கையால குடுத்தா கொறஞ்சா போயிருவ?”

மாமா ஒரு செருப்போடு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், பதில் சொல்லி அனுப்பலாமா என்று கேட்கிற மாதிரி. நான் தயாராகத்தான் நின்றேன். அம்மா விடவில்லை.

“ஒன்னத்தாண்டா கேக்குறேன். இது இல்லாமலா நாடகம் நல்லா இருந்துச்சு?”

“இல்லக்கா. அதுல நல்ல எடமே இதுதான்.”

“பின்ன ஏண்டா வெட்டுன?”

“அது… எனக்குச் சொன்னதுக்கா. ஊருக்குச் சொன்னது இல்லியே.”

அம்மா உள்ளே திரும்பி வந்தாள். மாமாவும் ஒரு காலில் செருப்போடு பின்னாலேயே வந்தார். அம்மா அந்த நாடாவை அடுப்பில் போட்டாள். சுருண்டு, சுர்ரென்று ஒரு மூச்சில் எரிந்துபோயிற்று. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். புகை என்று நினைத்தேன்.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். இந்தத் தடவை நடிப்பே இல்லை. அழகான ரிப்பனைக் கண்ணெதிரே எரித்துவிட்டு இரண்டு பெரியவர்கள் சிரிக்கிறார்கள், என்ன அநியாயம்! “எதுக்குடி நல்ல நாளும் அதுவுமா அழுவுற?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாமாவிடம் திரும்பி, எளைச்சுப் போயிட்டியேடா, அங்க யாருடா ஒனக்குச் சோறாக்கிப் போடுறா என்று தொடங்கிவிட்டாள். மாமா பதில் சொன்னார். அவள் கேட்டாள். அவர் சொன்னார். என் தலைக்கு மேலே பேச்சு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் அந்த வீட்டில் செய்தி கொண்டு போக என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை என்பதுகூட எனக்கு அப்போது விளங்கவில்லை. ரிப்பன் போன துக்கத்தில் நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.